எறா கம்பெனி வேலை

சுனாமிக்கு மறு வருஷம் நான் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, மரக்காணத்தைச் சுற்றியுள்ள குப்பங்களில் அறிவிப்புச் சொல்லித் திரிந்தேன். நிவாரண டோக்கன், தீமிதி, காணாமல்போன ஆடு, எதுவானாலும் என் குரல்தான். எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்க மாட்டேன். ஆட்டுக்குக்கூட, "காதுல வெள்ளை, ரொம்பக் கோவக்காரி" என்று நானாகச் சேர்த்துவிடுவேன். உப்பு வாரும் பெண்கள், "இன்னொரு வாட்டி சொல்லுப்பா!" என்று கத்துவார்கள். அடடா, என்ன சுகமான வேலை! கூலிதான் டீக்கும் பீடிக்கும் சரியாகப் போய்விடும்.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் அப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர். "ஏம்பா, தெருத்தெருவா கத்திக்கினு போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கம்பெனி வேலைக்குப் போ, அப்புறம் வா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் கம்பெனி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மவுசு. உள்ளே என்ன கண்றாவி நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று இருந்தது. ஊரில் அதற்கு எறா கம்பெனி என்று பேர். மைக்கை ஆட்டோ ஓனரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே சேர்ந்தேன். மூன்று மடங்கு சம்பளம். கறுப்புத் திரை போட்ட அறை, எறாவுக்குத் தீனியாக நறுக்கிய கணவாயின் கவிச்சி. தாய் எறாவை ஈரத்துணியில் பிடித்து, சூடாக்கிய இடுக்கியால் ஒரு கண்ணை நசுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

"எதுக்குண்ணே இது?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் இருந்தா அது இஷ்டத்துக்குத்தான் முட்டை வுடும். ஒண்ண எடுத்துட்டா நம்ம இஷ்டத்துக்கு வுடும்."

சீ! அன்று சோறு இறங்கவில்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது. நின்றுவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அவள் முகம் ஞாபகத்துக்கு வரும், மறுபடி இடுக்கியை எடுப்பேன்.

இரண்டு மாதம் போனது. கம்பெனியில் சேர்ந்துவிட்டேன் என்று நான் சொல்லி அனுப்பியது நிஜம்தானா என்று விசாரிக்க அவள் அப்பாவே ஒருநாள் வந்து நின்றார். சூப்பர்வைசர், "செஞ்சு காட்டுடா" என்றார். துணியைச் சுற்றினேன், நசுக்கினேன், தொட்டியில் விட்டேன். மூச்சு விடுவதற்குள் அடுத்தது. எறா துணிக்குள் வாலை அடித்துத் துள்ளியது. நான் பார்த்தது அவள் அப்பா முகத்தைத்தான்.

"கை நல்லா வேகமா இருக்குதே, மாப்ள!" என்றார்.

அதுவரை அவருக்கு நான் வெறும் ஏம்பாதான். மாப்ள என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பல்லை இளித்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே அதே தொட்டியில் கையை விட்டு இன்னொன்றை எடுத்து நசுக்கிக் காட்டினேன். தொட்டியில் விட்ட பிறகுதான் தெரிந்தது, அதற்கு ஏற்கெனவே ஒரு கண்தான் இருந்தது.

அது தொட்டிச் சுவரில் முட்டி முட்டித் திரும்பியது. சூப்பர்வைசர் பார்க்கவில்லை. தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். பக்கத்தில் அவள் அப்பா முகூர்த்தத் தேதி பேச ஆரம்பித்துவிட்டார். எந்தத் தேதியானாலும் சரி என்று தலையாட்டினேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!