‘செய்யப்படும்’ என்றால் யார்?

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெறும் வாய்ச்சவடால் தலைவர்களுக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று படித்தவர்கள் நாம் புலம்புகிறோம். இன்று காலை தாம்பரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்குப் பதில் கிடைத்தது.

பக்கத்து இருக்கையில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா. கையில் அப்படியொரு தலைவரின் படம் போட்ட பை.

“அவர் சொல்றதெல்லாம் நடக்குமாம்மா?” என்றேன், ஏளனமாகத்தான்.

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் சாக்கடை வருகிறது. கொடுத்த மனுவுக்கு அலுவலகத்திலிருந்து வந்த பதில்: ‘ஆவன செய்யப்படும்.’ இப்போது மறுபடியும் மனு கொடுக்கப் போகிறார்.

“படிச்சவரா கீறீங்க. செய்யப்படும்னா யாரு சார் செய்வாங்க?”

கடிதத்தை மறுபடி படித்தேன்.

“பாத்தீங்களா, ஆளே இல்ல. அவரு மைக்ல ‘நான் செய்றேன்’னு சொல்றாரு. செய்யலன்னா திட்றதுக்காவது ஒரு ஆளு கீது.”

எத்தனையோ அரசியல் கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்து இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. அவர் நம்பும் ஆள் சரியில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். கேள்வி சரி. பதவி உயர்வு கேட்டு நான் எழுதிய மனுவுக்கும் அதே வரிதான் வந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு கடிதம் இருந்தால் கீழே சொல்லுங்கள்.

என் பெயரைப் போடவில்லை. இருபது வருடமாக அந்த வரியை எழுதி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன்.