பேய்க்குகை ரயிலில் முதலில் ஓடியது யார்

பட்டாசுக் கம்பெனி முதலாளி பொய் சொல்கிறார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மைக்கைப் பிடித்து, தீம் பார்க்கில் பொம்மைப் புகைக்குப் பயந்து கம்பெனிப் பெண்கள் ரயிலைக் கவிழ்த்த கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. அந்த ரயிலில் நானும் இருந்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்திருந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வேலைக்கு ஆள் ஏற்றும் அதே வேனில் எங்களை ஏற்றி, மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு முதலாளி கூட்டிப்போனார். அங்கே பேய்க்குகை என்று ஒன்று. இருட்டுக்குள் ஊர்ந்து போகும் சின்ன ரயில். முதல் பெட்டியில் முதலாளியும் அவருடைய சின்ன மகனும். அடுத்ததில் அம்மாவும் நானும். பின்னால், பட்டாசுக்கு மருந்து அடைக்கும் பெண்கள்.

பேய்க்கு யாரும் பயப்படவில்லை. தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்து, அம்மாவோடு வேலை பார்க்கும் அத்தை, "ஏலே, நீ எந்தக் கம்பெனிலே? இம்புட்டுக் காஞ்சு போயிருக்க" என்று கேட்டாள். முதலாளிகூடச் சிரித்தார்.

அப்புறம் சுவரோரம் 'புஸ்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை.

மருந்து ரூமில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: மருந்தில் தீ பிடித்துவிட்டது. கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். இது பேய்க்குகை என்பதெல்லாம் காலுக்குத் தெரியுமா? எல்லாரும் குதித்தார்கள். ஒரே பக்கமாகக் குதித்ததில் ரயில் தண்டவாளத்தை விட்டுச் சாய்ந்தது.

முதலில் குதித்தவர் முதலாளி. என் கண்ணால் பார்த்தேன். வேட்டி ஒரு கொக்கியில் மாட்டி உருவிக்கொண்டது. அதற்கும் அவர் நிற்கவில்லை. மகன் பெட்டியிலேயே உட்கார்ந்து அழுதான்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே அத்தையிடம் என்னைத் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போனாள். வரும்போது இடுப்பில் அந்தப் பையன், தோளில் வேட்டி.

வெளியே முதலாளி கோடு போட்ட டிராயரோடு வெயிலில் நின்றார். பெண்கள் எல்லாரும் ராட்டினத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து நின்றார்கள். பார்க் ஆள் ஓடிவந்து, அது மெஷின் புகை, ஒன்றும் செய்யாது, ரயிலை உடைத்தது யார் என்று கத்தினான். முதலாளி வேட்டியைக் கட்டிக்கொண்டே, "பொம்பளைக. புகையைக் கண்டா ஓடிருவாளுக. நான் எம்புட்டோ கத்துனேன், கேக்கல" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "முதலாளிதானம்மா மொதல்ல ஓடுனாக" என்றேன். அம்மா பைக்குள் கைவிட்டு, ஒரு கை காராச்சேவை என் வாயில் திணித்தாள். உண்மை சொன்னதற்குப் பரிசு என்று நினைத்தேன். மென்று விழுங்கிவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னொரு கை சேவு வந்தது. ஊர் வருவதற்குள் பொட்டலம் காலி.

சீசன் தொடங்கினால் அம்மா அவரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஒருத்தி உள்ளே திரும்பிப் போவது என்றால் என்ன என்பதும் தெரியவில்லை. உள்ளே போகும்போது, அது மெஷின் புகை என்று அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா இப்போது வேலையை விட்டு நின்றுவிட்டாள். இனி நான் பேசலாம். முதலாளி, வருகிற பூஜைக்கு நானும் வருகிறேன். அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள். உங்கள் மகனை வெளியே தூக்கி வந்தது யார்?