பன்னிரண்டு கண்ணாடி ஜன்னல்

வரைபடக்காரன் வேலை என்பது, தான் குடியிருக்கப் போகாத வீட்டுக்காக ஊரெல்லாம் ஏச்சு வாங்கும் வேலை. பலகையிலோ கம்ப்யூட்டரிலோ கோடு போட்டுப் பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்கு முன் ஃபேக்டரித் தராசில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில் மூன்று வாரம் கம்ப்யூட்டரில் வரையப் பழகிவிட்டு, உலகத்தையே பழகிவிட்டவனைப் போலத் திரும்பினேன். பினாங்கிலிருந்து வந்த புது மேனேஜர் துரைக்கு இரண்டு வேலை ஆக வேண்டியிருந்தது. ஒன்று, அவருடைய பழைய பங்களாவுக்கு வெள்ளைக்காரன் காலத்து மாதிரி ஜன்னல்: சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு கண்ணாடி, நடுவில் மெல்லிய மரச்சட்டங்கள். இரண்டு, தொழிலாளர்களுக்குப் பத்து வீடு கொண்ட ஒரு புது லயம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "சூசை, ஆறு மாசம் பாக்குறேன். சரியா வரலன்னா கம்ப்யூட்டர் மிஷின் ஈப்போவுக்கு, நீ ஃபேக்டரிக்கு."

என் மனைவியோ அதற்குள் தெலுக் இந்தானில் இருக்கும் தன் அம்மாவுக்கு, "வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்" என்று கடிதம் போட்டுவிட்டாள். மறுபடி தராசுக்கு முன் நிற்பதைவிட, அந்த மாமியாருக்கு முன் நிற்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

தடிப்பில்லாத மரம்

மாதிரிக்கு முதலில் பங்களா ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல் செய்வது என்று முடிவானது. மரச்சட்டங்களை ஒற்றைக் கோடாகப் போட்டேன். திரையில் பச்சைக் கோடுகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. கோட்டுக்குக் கோடு அளந்து, கண்ணாடி அளவைத் தாப்பாவில் உள்ள கண்ணாடிக் கடைக்கு எழுதி அனுப்பினேன். வைக்கோல் சுற்றி லோரியில் பன்னிரண்டு கண்ணாடியும் உடையாமல் வந்து சேர்ந்தன. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோட்டுக்குத் தடிப்பு இல்லை, மரத்துக்கு உண்டு என்பது அந்த மூன்று வாரப் படிப்பில் என் மண்டையில் ஏறவில்லை. கம்போங் ராஜாவிலிருந்து வரும் ஆறுமுகம் ஆசாரி பன்னிரண்டு கண்ணாடியையும் ஓரத்தில் ஒவ்வொன்றாக அறுத்துப் பொருத்தினார். நான் கைகட்டிப் பக்கத்தில் நின்றேன். கடைசிக் கண்ணாடியை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நல்லவேளை தம்பி, பெருசா வரஞ்சீங்க. சின்னதா வரஞ்சிருந்தா நா எத இழுத்து நீட்டுறது லா?"

இரண்டாவது குறுக்குச் சட்டம்

மாதிரி ஜன்னலைப் பார்க்க, துரையின் மனைவி துரைசானி கையில் டீயோடு வந்தார். நல்ல வெயில், எதிரே மலை முழுக்கத் தேயிலை. ஜன்னலுக்கு நேரே நின்றார், பிறகு எக்கி நின்றார், பிறகு முழங்காலை மடக்கிக் குனிந்தார். எனக்கு விளங்கவில்லை. ஜன்னல் அழகில் மயங்கி விட்டாராக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். நான் ஆறடி. என் கண்ணுக்கு இடைஞ்சல் இல்லாதபடி சட்டங்களைப் போட்டிருந்தேன். துரைசானி என் தோளுக்குத்தான் வருவார். மேலிருந்து இரண்டாவது குறுக்குச் சட்டம் அவருடைய இரண்டு கண்ணையும் மறைத்துக்கொண்டு போனது. மலையைப் பார்க்க வந்தவர் கால் மணி நேரமாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "சூசை, யாரு கண்ணுக்கு வரஞ்சீங்க?"

எல்லா இடத்திலும் மாறும்

அவமானம் தாங்காமல் ஆபீசுக்கு வந்து, துரைசானியின் கண்மட்டத்தை அங்குலக் கணக்கில் கேட்டுக் குறித்து, குறுக்குச் சட்டங்களை ஒரு சாண் இறக்கினேன். இந்த முறை மரத்துக்குத் தடிப்பும் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. ஒரு ஜன்னலை வரைந்து அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் அதையே வைக்கலாம். ஒரு தடவை திருத்தினால் போதும், அந்தப் பெயருள்ள எல்லா ஜன்னலும் தானாக மாறிவிடும். நான் வைத்த பெயர் 'ஜன்னல் 1'. பொத்தானை அமுக்கினேன். பங்களா முழுக்க ஒரே நொடியில் மாறியது. கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

காட்டாதது ஒன்று உண்டு, நானே மறந்துபோனது. சோம்பேறித்தனத்தில் புது லயத்தையும் அதே ஃபைலில் வரைந்து, அதன் பலகை ஜன்னலுக்கும் 'ஜன்னல் 1' என்றே பெயர் வைத்திருந்தேன். காற்றுக்காகக் கக்கூஸ் கதவின் மேல்பாதியிலும் அதையே சின்னதாக்கிப் போட்டிருந்தேன். படத்தை அச்சடித்து, திரும்பிப் பார்க்காமல் ஆசாரியிடம் கொடுத்தேன். கண்ணாடி அளவும் அவரே படத்தைப் பார்த்துத் தாப்பாவுக்கு எழுதிக்கொண்டார்.

சில வாரம் கழித்து லயத்துப் பக்கம் போனால், பத்து வீட்டிலும் பன்னிரண்டு கண்ணாடி ஜன்னல் மின்னுகிறது. கக்கூஸ் கதவு மட்டும் பலகை. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஆசாரியிடம் கத்தினேன். அவர் உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை: "தொரைக்கு மனசு எளகிடிச்சுன்னு நெனச்சேன் தம்பி. கக்கூசுக்குமா எளகும்னுதான் அத மட்டும் விட்டுட்டேன்."

கண்ணம்மா வீடு

மறுநாள் காலையில் துரையும் துரைசானியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒரே மூடுபனி. முதல் வீட்டில் அப்போதே சாமான் வைத்திருந்தார் கண்ணம்மா அக்கா. இருபது வருஷமாகக் கொழுந்து பறிப்பவர். பழைய லயத்தில் பலகை ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், சாத்தினால் பட்டப்பகலில் இருட்டு. அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "கழட்டிட்டுப் பலகை அடிங்க" என்றார் ஆசாரியிடம். என் பக்கம் திரும்பி, "இதுக்கு யாரு ஆர்டர் குடுத்தது?" என்றார். தராசு, மாமியார், தெலுக் இந்தான் எல்லாம் கண்முன் வந்தன. பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை. "யாரும் குடுக்கல தொரை. துரைசானி கண்மட்டத்துக்கு வரஞ்சது, தவறி இங்கயும் வந்துடுச்சு" என்று உளறினேன்.

ஆசாரி சுத்தியலை எடுத்தார். கண்ணம்மா அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். துரையிடம் அவர் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. துரைசானியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்: "கழட்டச் சொல்லாதீங்க தொரை. நானும் தொரைசானி ஒசரந்தான்."

துரைசானி உள்ளே போய், எக்காமலும் குனியாமலும் அந்த ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியே வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். துரை அவரைப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னார். ஆறு மாதம் முடிந்ததும் மிஷின் மட்டும் ஈப்போவுக்குப் போனது, என்னை ஆபீசிலேயே பலகையில் கையால் வரைய விட்டுவைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்து வரைந்த எதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, பார்க்காமல் அமுக்கிய அந்த ஒரு பொத்தானுக்குத்தான் லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் பத்து வீட்டிலும் எனக்கு டீ.