பேசாதவளிடம் பேசிய காலம்

வேறு வேலை இல்லையா உனக்கு? ஒருத்தி தனியாகக் கிடந்த கதையில் அப்படி என்ன ருசி? சரி, வந்து உட்கார்ந்துவிட்டாய், கேட்டுத் தொலை.

வருஷம் எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. செங்கம் ரோட்டு வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமலேயே படுக்கப் போனேன். பயமாகிவிட்டது. பேச்சுத் துணை வேண்டும் என்றுதான் பின்பக்க அறையை வாடகைக்கு விட்டேன்.

வந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண், மலையடி ஆசிரமத்துக்கு வந்தவள். பெட்டியை வைத்தாள், கும்பிட்டாள், உதட்டின்மேல் விரலை வைத்தாள். கூட்டி வந்த ரிக்‌ஷாக்காரர், "அவங்க மௌன விரதம்மா, பேச மாட்டாங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அது அவளுக்கே தெரியாதாம். ஊரெல்லாம் வாயாடிகள், எனக்கு வாய்த்தது இப்படி.

மறுநாள் காலையில் காப்பி எடுத்துப் போய் அவள் வாசற்படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். மகள் வராதது, முட்டிவலி, முறத்தை வாங்கிப் போன எதிர்வீட்டுக்காரி திருப்பித் தராதது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும்.

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "செவுத்துக்கிட்ட பேசறதுக்கும் இதுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"செவுரு காப்பி குடிக்காதே" என்றேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டாள். கார்த்திகைக்கு மலைமேல் தீபம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நடுவில் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களும் உண்டு. அப்போது கதவிடம் சொல்லிவிட்டு வருவேன். பொங்கலுக்கும் மகள் வரவில்லை. அன்று சொல்ல ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளும் சும்மா இருந்தாள். சும்மா இருக்கவும் எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் ஆரம்பித்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. பொழுது ஏறிய பிறகு ஆள் அரவம் கேட்டது. அவள்தான், கையில் காப்பி. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஏம்மா வர்ல?"

அசல் என் பேச்சு. என் இழுப்புகூட அதில் இருந்தது. நான் அவள் வாயையே பார்த்தேன். அவள் விடவில்லை.

"எதிர்வீட்டம்மா மொறத்த குடுத்துட்டாங்களா, இல்லியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். விரதம் முடிந்ததா, எனக்காக உடைத்தாளா, நான் கேட்கவில்லை. அந்தக் காப்பி வெறும் வெந்நீர். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

சாயங்காலமே எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள், பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு. வெள்ளைக்காரம்மா பேசினாளாமே, என்ன சொன்னாள் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

"காப்பில சக்கர கம்மின்னு சொன்னா" என்றேன்.

"இதச் சொல்லவா இத்தினி மாசம்?"

"தெனமும் குடிச்சிப் பாத்துட்டு, நல்லா தெரிஞ்சிக்கினு சொல்லியிருக்கா. உங்கள மாதிரியா?" என்றேன்.