பேண்டுக்காரர்களுக்கு முதல் பந்தி

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரைபடம் ஒட்ட வேண்டுமாம். காலையில் மைதாப் பசை காய்ச்சினேன். கிண்டிக்கொண்டே இருந்தும் கட்டி தட்டிவிட்டது. எனக்கு எந்தப் பசையும் ஒழுங்காக வந்ததில்லை. மயில்துத்தம் போட்ட வாடை மூக்கில் ஏறியதும், இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் ஒட்டிய அந்த வருஷம் ஞாபகம் வந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதும் தெரிந்தது.

அப்போது ஆலங்குடியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். எட்டுப் பேர். சமஸ்தானம் இருந்தவரை அரண்மனையில் வாசித்தவர்களும் அதில் உண்டு. மெட்ராஸ் கம்பெனி ஒன்று கூப்பிட்டு அவர்கள் வாசிப்பை இசைத்தட்டாகப் போட்டது. அதற்கு வெளியீட்டு விழா வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

காரணம் இருந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில், ஒரு கல்யாண வீட்டில் ஊர்வலம் வாசித்து முடித்த எட்டுப் பேரும் விறகுக் குவியல் பக்கம் உட்கார்ந்து கடைசிப் பந்திக்குக் காத்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் முறை வந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. “பழகிப்போச்சு” என்றார் இவர். எனக்குப் பழகவில்லை. ஒரு நாளாவது இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மாலை வாங்கி, முதல் பந்தியில் சாப்பிட வேண்டும்.

கடலை மில் களத்தைக் கேட்டு வாங்கினேன். அத்தை பஞ்சாங்கம் பார்த்து, வைகாசியில் நல்ல முகூர்த்தமாகக் குறித்துக் கொடுத்தார். நோட்டீஸ் அடித்து வந்த பிறகு இவர் தலையைச் சொறிந்தார்.

“அன்னைக்குக் கொளத்தூர்ல ஒரு கல்யாணம். வாக்குக் குடுத்தாச்சு.”

“விழாவே ஒங்களுக்குத்தானே?”

“முகூர்த்த நாள்ல பேண்டுக்காரன் எப்புடி சும்மா இருப்பான்?”

பள்ளி இறுதி வரை படித்தவளுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டாமா? அடுத்த முகூர்த்தம் குறித்தோம். அன்றைக்கும் கல்யாணம். ஆனியிலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் பழைய தேதிக்கு மேல் புதுச் சீட்டு ஒட்டினேன். அந்த இடம் மட்டும் கொப்புளம் மாதிரி உப்பிக்கொண்டது. கடைசியில் யாருமே கல்யாணம் வைக்காத நாளாக, ஆடி மாதத்து அஷ்டமி ஒன்றைப் பிடித்தேன்.

“ஆடியில, அதுவும் அட்டமியில! படிச்ச புள்ள பாக்குற வேலையா இது? நான் அங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டேன்” என்றார் அத்தை. சொந்தக்காரர்களும் அவர் பக்கம்தான். அன்று பார்த்துக் குழந்தைக்கு உடம்பு சுட்டது. பல் முளைக்கிற சூடா, அஷ்டமியா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே களத்துக்குப் போனேன்.

பேண்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் போக, பெஞ்சுகள் காலி. கிராமபோன் பெட்டியோடு சைக்கிள் கடை ராவுத்தர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார். “எங்களுக்கு ஆடியும் இல்ல, அட்டமியும் இல்லம்மா. ஆரம்பிச்சிரலாமா?” என்று முள்ளை வைத்தார். வாசித்தவர்களே அன்றுதான் முதல் தடவை கேட்டார்கள். டிரம் சுப்பையா அண்ணன் பெட்டிமேல் காதை வைக்காத குறை.

“என் டிரம்மு சத்தத்தைக் காணோமே மாப்ளே!”

“வீட்டுல காது கிழியிது. இதுலயாவது காணாமப் போகட்டும்” என்றாள் அவர் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். நூறு பேருக்குச் சமைத்து வைத்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நிமிஷத்தில் தட்டு நின்றுவிட்டது. இதற்கா மூன்று மாதம்?

மாலை போட்டு முடித்து இலை போட்டேன். எட்டுப் பேரும் எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

“வந்தவுங்க மொதல்ல சாப்புடட்டும் தங்கச்சி” என்றார் சுப்பையா.

“யாருண்ணே வந்தா?” என்று கத்திவிட்டேன்.

இவர்தான் முதலில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்த ஒரு பந்திதான். பாயசம் அண்டாவில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

அந்தப் பேண்டு செட் இப்போது இல்லை. கல்யாணங்களுக்கு மைக் செட்டும் இசைத்தட்டும் போதும் என்றாகிவிட்டது. சுப்பையா அண்ணன் கோயம்புத்தூருக்கு மில் வேலைக்குப் போனார். இவர் மண்டியில் கணக்கு எழுதுகிறார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். விருந்தாளி என்று கையைப் பிடித்து இழுத்துப் போய், இவரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். எதிர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.