கீழ்த்தளத்து வட்டச் சன்னல்

ஆதிகேசவன் வேலை பார்த்த அறைக்குச் சன்னல் கிடையாது. கன்டோன்மென்டில், கப்பல் பயணச்சீட்டு எடுத்துத் தரும் ஓர் அலுவலகத்தின் பின்கட்டு அறை அது. கப்பல்களின் தள வரைபடங்கள் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதற்காக அவற்றை அங்கே வைத்திருந்தார்கள். அவற்றோடு சேர்த்து ஆதிகேசவனையும் வைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் தலைக்கு மேல் விளக்கெரியும். மாலையில் ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குப் போனாலும் காற்று வருவதற்கு வாசற்கதவு ஒன்றுதான் வழி.

1950ஆம் ஆண்டில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், எட்டு ஆண்டுகளில் முந்நூறு குடும்பங்களுக்காவது கப்பலில் அறை தேர்ந்து கொடுத்திருப்பார். கப்பலை அவர் கண்டதில்லை, கடலையும் கண்டதில்லை. ஆனால் வரைபடம் அவருக்கு மனப்பாடம். கப்பலின் விளிம்பை ஒட்டி இருப்பது வெளியறை. அதில் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கும், அது சன்னல். நடுவில் இருப்பது உள்ளறை. அதில் வட்டம் இராது. மேல்தளத்து உள்ளறைக்கும் கீழ்த்தளத்து வெளியறைக்கும் ஒரே கட்டணம். இரண்டில் எது என்று யார் தயங்கினாலும் ஆதிகேசவனின் விரல் கீழ்த்தளத்து வட்டத்தில்தான் போய் நிற்கும். அதை அவர் வியாபாரப் பேச்சாகச் சொல்லவில்லை. மனமார நம்பிச் சொன்னார்.

அவருக்கும் ஒரு சன்னல் வரவிருந்தது. முன்கூடத்துக் கவுண்டரில் இருந்த பெரியவர் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். தெருவைப் பார்த்த இடம். கண்ணாடிக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். "அடுத்தது நீர்தான்" என்று மேலாளர் வெங்கடசுப்ரமணியன் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜூடித் என்ற நர்ஸ் அந்த ஆண்டு மே மாதத்தில் வந்தாள். சிவாஜிநகரில் குடியிருந்தவள், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, கேளாமலே ஒரு செய்தி சொன்னாள். பதினொரு வயதில் அவளுக்கு அம்மை போட்டு, தொற்றுநோய் விடுதியில் கிடந்தாள். கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதென்று சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, கதவை வெளியே தாழிட்டு, நாற்பது நாள் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அடைத்த அறையில் அவளுக்கு மூச்சு முட்டும்.

"மேல்தளத்திலேயே ஒண்ணு குடுங்க. உள்ரூமா இருந்தாலும் பரவாயில்ல, மாடிப்படி பக்கத்துல இருக்கே" என்றாள்.

"என்ன சிஸ்டர் இப்படிச் சொல்றீங்க? உங்க கஷ்டத்துக்கு ஜன்னல் இல்லாத ரூமா? அது பெட்டிங்க. இதோ பாருங்க, வட்டம். கண்ண முழிச்சா கடலு."

அவள் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தாள். "நீங்க விவரம் தெரிஞ்சவரு. நீங்க சொன்னா சரி" என்று கையெழுத்திட்டாள்.

ஜூலை நான்காம் நாள் காலையில் ஏடன் துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆதிகேசவன் தேர்ந்து கொடுத்த கீழ்த்தளத்து வெளியறையில் ஜூன் மாதம் கப்பலேறிய ஓஸ்வால்ட் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு எழுதியிருந்தார். பம்பாயை விட்ட இரண்டாம் நாளே கடல் கொந்தளித்ததாம். ஊழியன் ஒருவன் வந்து வட்டச் சன்னலின் மேல் இரும்பு மூடியைப் போட்டு, திருகாணியைச் சாவியால் முறுக்கி, அந்தச் சாவியை எடுத்துப் போய்விட்டானாம். மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக்கு அதுதான் வழக்கமாம். ஏடன் வரும்வரை திறக்கவில்லையாம். "நீர் விற்றது சன்னலன்று, சன்னலின் படம்" என்று முடித்திருந்தார்.

ஆதிகேசவன் நாட்காட்டியைப் பார்த்தார். கப்பலேற ஜூடித் பம்பாய்க்கு ரயில் ஏறுவது அன்று மாலை. கடல் இன்னும் அடங்கியிராது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினார்.

வெங்கடசுப்ரமணியன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மூடி போட்டவன் கப்பல்காரன். நீர் ஏன் ஓய் தலையக் குடுக்கறீர்?"

"அந்த சிஸ்டர் மேல்தளம்தான் கேட்டாங்க சார். நான்தான் மாத்தி விட்டேன்."

"அதைப் போய் அவகிட்டயே சொல்லப் போறீரா? நாளைக்கு ஊரே வந்து வாசல்ல நிக்கும். சும்மா இரும். ஆகஸ்ட் ஞாபகம் இருக்கோன்னோ?"

ஆதிகேசவன் பின்கட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வரைபடத்தில் அந்த வட்டம் கண் போல அவரையே பார்த்தது. விளக்கை அணைத்தார். வெறும் இருட்டு. எண்ணத் தொடங்கினார், இருநூறு எண்ணுவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. எழுந்து தட்டுத் தடுமாறி விளக்கைப் போட்டார்.

மேலாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பம்பாயிலுள்ள கப்பல் கம்பெனிக்கு அவசர ட்ரங்க் கால் போட்டார். போட்டவர் பெயர் பதிவேட்டில் ஏறும், மாலைக்குள் மேலாளர் கண்ணில் படும் என்று தெரிந்தே போட்டார். மேல்தளத்தில் ஓர் உள்ளறைப் படுக்கை அன்று காலைதான் காலியாகியிருந்தது. ஐந்து மணிக்குள் தந்தி வந்தால் தருவதாகச் சொன்னார்கள்.

சிவாஜிநகரில் ஜூடித்தின் வீடு வெறிச்சென்று இருந்தது. கதவுகளும் சன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. அவள் இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு வள்ளியம்மா இலையில் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், திறந்த வீடுதான். இவ வீட்டுக்கு வர்ற திருடன் கதவைத் தேட வேணாம்" என்றாள் வள்ளியம்மா.

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரும்பு மூடி, திருகாணி, சாவி. சாவி என்ற சொல்லைக் கேட்டதும் ஜூடித்தின் கை கழுத்துச் சிலுவைக்குப் போயிற்று.

"போகாதடி. யாரு உன்னைக் கட்டாயப்படுத்துனா?" என்றாள் வள்ளியம்மா.

"நான் எங்க இருக்கிறது அக்கா? வேலையை விட்டாச்சு. வீட்டை ஒப்படைச்சாச்சு. நாளைக்கு இங்க வேற குடி வருது." பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்க கப்பலைப் பார்த்திருக்கீங்களா மிஸ்டர் ஆதிகேசவன்?"

"இல்ல சிஸ்டர்."

"கடலு?"

"அதுவும் இல்ல."

"இயேசுவே!" என்று வள்ளியம்மாவைப் பார்த்தாள். "கண்ண முழிச்சா கடலுன்னாரு அக்கா, நேர்ல பார்த்தவர் மாதிரி!"

ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். "மணி நாலேகால் சிஸ்டர். கீழ ஜன்னல் இருக்கு, மூடிடுவாங்க. மேல ஜன்னலே கிடையாது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன்."

அவள் எழுந்து, திறந்திருந்த சன்னல் ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்றாள். ஆதிகேசவன் வாசலுக்கு வந்து தெருமுனைக் கடைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

"மேல இருக்கிற ரூமுக்குக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாளா?"

"ஆமா. அதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப மேல. அந்தக் கதவு என் கையில இருக்கும். கீழ போடுற மூடி அவங்க கையில இருக்கும். மூச்சு முட்டினா எந்திரிச்சுத் திறந்துட்டுப் போவேன், கூட இருக்கிறவங்க திட்டினா திட்டட்டும்." சற்று நிறுத்தி, "முதல்லயே அதைத்தான் கேட்டேன்" என்றாள்.

"கேட்டீங்க" என்றார் ஆதிகேசவன்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தந்தி போயிற்று. அன்று மாலை ரயிலும் போயிற்று.

ஆகஸ்டில் தெருவைப் பார்த்த நாற்காலி முனிகிருஷ்ணன் என்ற இளைய எழுத்தருக்குக் கிடைத்தது. மேலாளர் காரணம் சொல்லவில்லை. ட்ரங்க் கால் பதிவேட்டை ஆதிகேசவனின் மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனார். பின்கட்டு பின்கட்டாகவே இருந்தது. அதே விளக்கு, அதே பழங்காகித வாடை. இனி ஓய்வு பெறும்வரை அங்கேதான் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அறைக்கதவை மட்டும் அவர் சாத்துவதில்லை. திறந்தால் எதிரே தெரிவது கிடங்கின் சுவர்தான், ஆனாலும் சாத்துவதில்லை.

செப்டம்பரில் ஒரு தம்பதி வந்து, வரைபடத்தின்மேல் குனிந்து, சன்னல் உள்ள அறைதான் வேண்டும் என்றார்கள். ஆதிகேசவனின் விரல் பழக்கத்தில் கீழ்த்தளத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"முதல்ல இதைச் சொல்லுங்க," என்றார். "எந்த மாசம் போறீங்க?"