வெள்ளைக்கண்ணிக்கு ராஜாங்கம் சேர்த்த கன்னம்

செஞ்சிப் பகுதியிலிருந்து திண்டிவனம் சாலையில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்களில் ஒன்றை ராஜாங்கம் ஓட்டுகிறார். வயது நாற்பத்தாறு. காலையில் அவர்களை இறக்கிவிட்டால் மாலை வரை அவருக்கு வேலையில்லை. மற்ற ஓட்டுநர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடுவார்கள். இல்லாவிட்டால் துண்டை விரித்துத் தூங்குவார்கள். ராஜாங்கம் வண்டிக்குள்ளேயே அமர்ந்து கைப்பேசியில் பேய்ப்படம் பார்ப்பார். எந்த நாட்டுப் படமானாலும் தமிழில் குரல் கொடுத்திருந்தால் போதும்.

படம் முடிந்ததும் கதாநாயகன் அவருடைய நினைவிலிருந்து போய்விடுவான். வில்லன் போகமாட்டான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்த வில்லன்களை எல்லாம் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். எத்தனை பேரைக் கொன்றான் என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அவசரப்படாத வில்லன்தான் பெரிய வில்லன் என்பது அவருடைய தீர்மானம். அதனால் கோடரியோடு ஓடிவருகிறவர்கள் எல்லாம் கடைசி இடங்களில் கிடந்தார்கள். காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு காவல்காரன் நான்காம் இடத்தில் இருந்தான். அவன் யாரையும் துரத்தமாட்டான். ஓடுகிறவர்கள் களைத்துப்போய் உட்காரும் இடத்துக்கு மெதுவாக வந்து சேருவான். அதற்கும் மேலே ஒரு கூனல் கிழவி, கிணற்றுக்குள்ளிருந்து பேசும் ஒற்றைக்கண்ணன் என்று பட்டியல் போகும்.

மாலையில் திரும்பும்போது இந்தக் கதைகளைப் பெண்களுக்குச் சொல்வார். நாள் முழுக்கப் பசை வாடையில் நின்று தைத்து ஒட்டிய அலுப்பு, அவர் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கியதும் பாதி குறைந்துவிடும். சனிக்கிழமை தோறும் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பார். அந்த வில்லனின் பெயரை வண்டியில் இருக்கும் ஒருத்திக்குச் சூட்டுவார். அடுத்த சனிக்கிழமை வரை அவளை எல்லாரும் அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். வண்டியில் எந்தப் பாட்டு ஓடுவது என்பதும் அவள் விருப்பம். இதற்காகப் பெண்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். அம்மாக்கண்ணு ஒருமுறை கூனல் கிழவியின் பெயரை வாங்கிக்கொண்டு வாரம் முழுக்க ஒரே பாட்டைப் போடவைத்து அத்தனை பேர் உயிரையும் எடுத்தாள்.

ஜெயசுதா அந்த வண்டிக்குப் புதியவள். சிங்கவரத்தில் ஏறுவாள். கடைசி இருக்கைக்குப் போய்விடுவாள். ஜல்லி லாரிகள் கிளப்பும் தூசிக்காக எல்லாப் பெண்களுமே துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் வெறும் கண்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். மற்றவர்கள் தொழிற்சாலை வாசலில் துப்பட்டாவை அவிழ்ப்பார்கள். ஜெயசுதா அவிழ்ப்பதில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை.

அவளையும் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ராஜாங்கம் நினைத்தார். அந்தச் சனிக்கிழமை புதிதாகப் பார்த்த ஒரு படத்தின் பேய்க்கு நேராக முதலிடம் கொடுத்தார். வெள்ளைக்கண்ணி என்று பெயரும் வைத்தார். அவளுக்குக் கருவிழியே கிடையாது என்றார். இடது கன்னம் தீயில் உருகி, வாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் என்றார். அந்த ஓரம் அவள் சிரிக்காதபோதும் சிரிப்பது போலவே இருக்கும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, இந்த வாரம் முதலிடம் கடைசி சீட்டுக்கு என்று அறிவித்தார்.

வண்டி அமைதியாகிவிட்டது. கைதட்டல் இல்லை, சண்டை இல்லை. கதை அப்படிப் பிடித்து உலுக்கிவிட்டது என்று ராஜாங்கம் மகிழ்ந்தார். சிங்கவரத்தில் ஜெயசுதா இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் நிறுத்தத்தில் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை மாலை, பெண்கள் ஏறுவதற்கு முன்பாகப் பாரதி தனியாக வந்தாள். பாரதி அந்த வண்டியின் மூத்த தொழிலாளி. வண்டிக்குள் வரும் பஞ்சாயத்துகளை அவள்தான் தீர்த்துவைப்பாள்.

"இன்னாண்ணா நீங்க. அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுலயே ஸ்டவ் வெடிச்சி ஒரு பக்கம் மொகம் போயிருச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

ராஜாங்கம் ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினார். பாரதியே தொடர்ந்து பேசினாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். துப்பட்டாவுக்குள் இருப்பதை வண்டி ஓட்டுகிறவர் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று முன்தினமே ஜெயசுதாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த வாரம் முழுக்க வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். பயிற்சிக் காலம் முடியாதவள். அவர்கள் நினைத்தால் செய்துவிடுவார்கள். நல்லவேளையாக, வெள்ளிக்கிழமையிலிருந்து வருவதாக ஜெயசுதா ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"அண்ணனுக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னப்புறந்தான் சரின்னா. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

அன்று ராஜாங்கம் கதை சொல்லவில்லை. பல் வலி என்றார்.

உண்மையில் அவருக்குத் தெரியும். ஜெயசுதா வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், எல்லாரும் சாலையோர டீக்கடையில் இறங்கினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவள் துப்பட்டாவைக் கீழே இறக்கி டீ குடித்தாள். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பியபோது ராஜாங்கம் பார்த்தார். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவர் அதை நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்றுதான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் படத்தில் வரும் பேய்க்குக் கண் மட்டுமே வெள்ளை. கன்னம் நன்றாக இருக்கும். உருகிய கன்னமும் இழுத்த வாயும் படத்தில் எங்கும் இல்லை. அவை ராஜாங்கம் சேர்த்தவை. சொல்லும்போது தானாக வாயில் வந்தன. எங்கிருந்து வந்தன என்று அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் ஒருத்திக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தால் அது விபத்து. அவளிடமிருந்தே எடுத்து, பேய்க்கு ஒட்டி, மறுபடியும் அவள் தலையிலேயே வைத்ததை என்னவென்று சொல்வது?

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். பட்டியலில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். காவல்காரனின் நடையை வண்டிக்குள் நடித்துக் காட்டும்போதெல்லாம் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது செஞ்சிப் பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை விற்கும் ஒருவருடைய நடை. போகும்போதும் வரும்போதும் ராஜாங்கத்துக்குக் கையசைப்பவர். இத்தனை ஆண்டுகளில் இது ஒருநாளும் அவருக்கு உறைக்கவில்லை.

மனைவி வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெயசுதாவைப் போய்ப் பார்த்து உண்மையை ஒப்புக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். வளர்மதி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பாரதி சொன்னத நம்பித்தான அது வேலைக்கு வருது? நீ போயி, பாத்துட்டுத்தான் சொன்னேன்னா, அது வருமா? உன் பாரம் எறங்கணும்னு அது தலையில ஏத்தப் போறியா?"

ராஜாங்கம் விடிய விடிய யோசித்து, மன்னிப்பு மட்டும் கேட்பது, வேறெதையும் சொல்லாமல் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை மாலை எல்லாரையும் இறக்கிவிட்டுச் சிங்கவரத்திலேயே வண்டியை ஓரம் கட்டினார். ஜெயசுதா வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துப்பட்டா இல்லை. அவரைப் பார்த்ததும் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே, தெரியாமல் வாய் தவறிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். அவள் கடலையை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு டீக்கடையில என்னப் பாத்தீங்க இல்ல?"

ஓடு உடையும் சத்தம் கேட்டது. இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவளும் நாளை வண்டியில் ஏறுவாள். ஆனால் அவள் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேம்மா" என்றார்.

"தெரியும். நீங்க திரும்பிக்கினத நானும் பாத்தேன். பாரதியக்கா வந்து சத்தியம் பண்ணிச்சி. பாவம், அதுக்குத் தெரியாது. நீங்களும் அதையே சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்."

ராஜாங்கம் தரையைப் பார்த்தார். அவள் கை மறுபடியும் கடலைக்குப் போனது. படத்தில் அந்தப் பேய்க்குக் கன்னம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார்.

"அப்ப அதுல இருக்கிறபடியே திருப்பிச் சொல்லுங்க. நான் வண்டியில இருக்கறப்பவே சொல்லுங்க. என் மொகம் என்கிட்டயே இருக்கட்டும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் துணிவு அவருக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வண்டிக்குள் எல்லாரும் அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை, தொழிற்சாலைக் கதவைத் தாண்டியதும், ராஜாங்கம் வெள்ளைக்கண்ணியின் கதையை மறுபடியும் எடுத்தார். பாரதி முன்னிருக்கையிலிருந்து முறைத்தாள். அவர் நிறுத்தவில்லை. வெள்ளைக் கண், கலையாத தலை, நல்ல கன்னம். வாசலில் நிற்பாள், போவாள், வருவாள். சொல்லச் சொல்லக் கதை சப்பென்று போவது அவருக்கே தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்; பயனில்லை. அந்தப் பேயிடம் பயப்பட ஒன்றுமே இல்லை. அவளுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது முழுக்க முழுக்க இன்னொருத்தியின் கன்னம்.

"கன்னம் எங்கண்ணா போச்சி?" என்று அம்மாக்கண்ணு கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாங்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அது படத்துல இல்ல. நான் எடுத்து ஒட்டுனது. எடுத்திருக்கக் கூடாது."

எங்கிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பதைக் கண்ணாடியில் ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பாரதியின் கண்களைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அவருக்காகச் சத்தியம் செய்தவள் அவள். செஞ்சி வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வண்டிக்குள் முதன்முதலாக அவள் பேசினாள்.

"இந்தப் பேய் சுமாருதான். பத்துல கூட வராது."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஆமாம் ஆமாம், கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய கேஸ் என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். அப்படியானால் முதலிடம் யாருக்கு என்று அம்மாக்கண்ணு பிடித்துக்கொண்டாள். ராஜாங்கம் மனத்துக்குள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். கூனல், ஒற்றைக் கண், இழுத்த கால். இந்த வாரம் யாருக்கும் இல்லை என்றார். ஏன் என்று கேட்டார்கள். சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சிங்கவரத்தில் ஜெயசுதா இறங்கினாள். நாலடி போனவள் திரும்பி ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"திங்கக்கெழம கொஞ்சம் முன்னாடியே வந்துராதீங்க. நேத்து ஓடியாந்தேன்."

சரியென்று தலையாட்டினார். அவள் தெருவுக்குள் திரும்பும்வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியை எடுத்தார்.